உக்ரைனும் நெதர்லாந்தும்: இரு நாட்டு உறவு வளர்ந்த விதம்



நம் ஆண்டு மலரில் கவிதை வரும், விடுகதை வரும், 'உங்களுக்குத் தெரியுமா?' பகுதி வரும். உலக விஷயம் மட்டும் குறைவு. மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு வெளியுறவுக் கொள்கை எதுக்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு இரு நாட்டு உறவு என்றாலே இரண்டு தலைவர்கள் கை குலுக்கும் போட்டோதான் ஞாபகம் வருகிறது. உறவு என்பது அந்தப் போட்டோ இல்லை என்பதை உக்ரைன், நெதர்லாந்து ஆகிய இரண்டு நாடுகளை வைத்துப் படித்தபோது புரிந்து கொண்டேன். ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பகிரங்கமாகக் குறை சொல்லியிருக்கிறது. ஒரு நாட்டு மக்கள் இன்னொரு நாட்டோடு ஒப்பந்தமே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்படியும் உறவு முறியவில்லை, வலுத்தது! அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் வரைபடம். உக்ரைன் கிழக்கு ஐரோப்பாவில் இருக்கிறது. பரப்பு சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்குக்கும் மேல். நெதர்லாந்து ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் கடலை ஒட்டி இருக்கிற சின்ன நாடு. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. ஹாலந்து என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூட வரலாற்றில் பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று படித்தோமே, அந்த டச்சுக்காரர்களின் நாடுதான். உக்ரைன் பெயரை 2022ல் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். போர் தொடங்கியதும் அங்கே மருத்துவம் படித்துக் கொண்டிருந்த நம் மாநில மாணவர்களையும் விமானத்தில் அழைத்து வந்தார்கள்.

இரண்டுக்கும் பொதுவான எல்லை கிடையாது, பொதுவான மொழி கிடையாது. பழைய தொடர்பு என்று சொன்னால் ஒன்றைச் சொல்லலாம். 16ஆம் நூற்றாண்டில் மெனோ சைமன்ஸ் என்ற டச்சு மதபோதகரின் வழி நடந்தவர்கள் மெனோனைட்டுகள். சொந்த நாட்டில் துன்புறுத்தல் தாங்காமல் இவர்களில் பலர் இன்றைய போலந்தில் இருக்கிற விஸ்துலா ஆற்று முகத்துவாரத்துக்குப் போய், சதுப்பு நிலத்தை வடியவிட்டு விவசாயம் செய்தார்கள். அவர்களின் சந்ததியில் ஒரு பகுதியினர் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் அழைத்ததன் பேரில் 1789ல் நீப்பர் ஆற்றங்கரைக்கு வந்து குடியேறினார்கள். அந்த இடம் இன்றைய உக்ரைனின் சபோரிஷியா நகரம். இதைத் தூதரக உறவு என்று சொல்ல முடியாது. தகவலுக்காகச் சொன்னேன், அவ்வளவே.

அங்கீகாரம் வேறு, தூதரக உறவு வேறு

பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறார்கள். 'நீ ஒரு தனி நாடு என்று ஒப்புக்கொள்கிறேன்' என்பது அங்கீகாரம். இதை ஒரு நாடு தனியாகவே செய்துவிடலாம். 'உன் ஊரில் என் தூதர், என் ஊரில் உன் தூதர்' என்பது தூதரக உறவு. இதற்கு இரண்டு பக்கமும் சம்மதம் வேண்டும். 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது.

உக்ரைன் சோவியத் யூனியனில் ஒரு குடியரசாக இருந்தது. 1991 ஆகஸ்ட் 24 அன்று சுதந்திரம் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் 100க்கு 90 பேருக்கு மேல் சுதந்திரத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். அந்த மாதக் கடைசியிலேயே நெதர்லாந்து அங்கீகரித்தது. 1992 ஏப்ரல் 1 அன்று தூதரக உறவு ஏற்பட்டது.

அப்புறம் ஒரு விஷயம் நடந்தது. பத்திரிகைகளில் அதிகம் வராத விஷயம். சர்வதேச நிதியத்தில் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் நிர்வாகக் குழுவில் தனி நாற்காலி கிடையாது. பல நாடுகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு நாற்காலியை வைத்துக் கொள்ளும். 1992ல் நிதியத்தில் சேர்ந்த உக்ரைன், நெதர்லாந்து தலைமை தாங்கிய குழுவில் இடம் பிடித்தது. உக்ரைன் கடன் கேட்டபோது அந்த மேஜையில் அதற்காகப் பேசியவர் பெரும்பாலும் ஒரு டச்சுக்காரர்! 2012ல் அந்தக் குழுவின் தலைமையில் பெல்ஜியமும் சேர்ந்து கொண்டது. நம்ம ஊரில் கூட்டுறவு சங்கத்தில் கடன் மனுவுக்குப் பின்னால் நின்று பேச ஒரு ஆள் வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கூட நின்றவர்களை நாடுகளும் மறப்பதில்லை என்று நினைக்கிறேன்.

மற்றபடி முதல் 20 வருஷம் அமைதியாகப் போனது. உக்ரைனின் சூரியகாந்தி எண்ணெயும் மக்காச்சோளமும் டச்சுத் துறைமுகங்களுக்கு வந்தன. டச்சு நிறுவனங்கள் உக்ரைனில் முதலீடு செய்தன. 2012ல் ஐரோப்பியக் கோப்பை கால்பந்து உக்ரைனிலும் போலந்திலும் நடந்தபோது, நெதர்லாந்து அணி தன் மூன்று லீக் ஆட்டங்களையும் கார்கிவ் நகரில் ஆடியது. டென்மார்க், ஜெர்மனி, போர்ச்சுகல் மூன்றிடமும் தோற்றது! ஆனால் ஆயிரக்கணக்கான டச்சு ரசிகர்கள் ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு கார்கிவ் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். இந்தக் கார்கிவ் பெயரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், மறுபடி வரும்.

2014 ஜூலை 17

2013 நவம்பரில் உக்ரைன் அதிபர் யானுகோவிச், ஐரோப்பிய யூனியனோடு போட இருந்த இணைப்பு ஒப்பந்தத்தைக் கடைசி நேரத்தில் நிறுத்தி வைத்தார். கீவ் நகரில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2014 பிப்ரவரியில் அவர் நாட்டை விட்டே போய்விட்டார். மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. பிறகு கிழக்கே டோனெட்ஸ்க் பகுதியில் சண்டை மூண்டது.

அந்த ஜூலை 17ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு எம்.எச்.17 விமானம் புறப்பட்டது. மலேசியன் ஏர்லைன்ஸின் போயிங் 777. பயணிகள் 283 பேர், ஊழியர்கள் 15 பேர். 33,000 அடி உயரத்தில் டோனெட்ஸ்க் பகுதி மேல் பறக்கும்போது, தரையிலிருந்து ஏவப்பட்ட பக் ஏவுகணை தாக்கியது. 298 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் 196 பேர் நெதர்லாந்துக் குடிமக்கள்.

உடல்களை ரயிலில் ஏற்றி, உக்ரைன் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கார்கிவ் நகருக்குக் கொண்டு வந்தார்கள். ஆரஞ்சு ஊர்வலம் போய் இரண்டே வருஷம். ஜூலை 23 அன்று முதல் 40 சவப்பெட்டிகள் அங்கிருந்து விமானத்தில் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் விமானப்படைத் தளத்துக்கு வந்தன. அன்று அந்த நாட்டில் தேசிய துக்க நாள். 40 சவ ஊர்திகள் வரிசையாகப் போனபோது, நெடுஞ்சாலையில் எதிரே வந்தவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி நின்றார்கள்.

இப்போது உறவு என்ற விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேச விதிப்படி, விமானம் விழுந்த நாடுதான் விசாரணை நடத்த வேண்டும். அதாவது உக்ரைன். ஆனால் உக்ரைன் அந்த உரிமையை நெதர்லாந்திடம் ஒப்படைத்தது. தன் மண்ணில் நடந்த சம்பவத்தை விசாரிக்கும் பொறுப்பை எந்த நாடாவது லேசில் விட்டுக் கொடுக்குமா? அதுவும் போர் நடக்கும்போது! நாமே விசாரித்தால் உலகம் நம்பாது, அதிகம் பேரை இழந்தவர்கள் விசாரிக்கட்டும் என்று உக்ரைன் கணக்குப் போட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

டச்சு பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை 2015 அக்டோபர் 13 அன்று வெளிவந்தது. பொறியியல் மாணவர்களுக்கு அது ஒரு பாடம். சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேகரித்து விமானத்தின் முன்பகுதியைக் கம்பிச் சட்டத்தின் மேல் திரும்ப ஒட்டி நிறுத்தினார்கள். துளைகள் விழுந்த கோணத்தை அளந்து, வெடித்தது எந்த இடம், எந்த வகை வெடிமுனை என்று கணக்கிட்டார்கள். விமானி அறைக்கு இடப்பக்கம், சற்று மேலே வெடித்திருக்கிறது. நம் ஒர்க்‌ஷாப்பில் உடைந்த பாகத்தைப் பார்த்து எங்கே விசை விழுந்தது என்று சொல்லச் சொல்வார்களே, அதே வேலையைத்தான் ஒரு முழு விமானத்துக்கும் செய்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கை உக்ரைனையும் விடவில்லை. தன் வான்வழியை மூட உக்ரைனுக்குப் போதுமான காரணம் இருந்தது, மூடவில்லை என்று எழுதியது. 32,000 அடிக்குக் கீழே மட்டும்தான் தடை இருந்தது. விமானம் பறந்தது அதற்கு ஆயிரம் அடி மேலே. அன்று ஒரே நாளில் அந்தப் பகுதி மேல் 160 விமானங்கள் பறந்திருக்கின்றன. விசாரணையை ஒப்படைத்தவன் மேலேயே குற்றம் சொல்வதா என்று உக்ரைன் கோபித்துக் கொண்டு விலகவில்லை. குற்றவியல் விசாரணைக்காக நெதர்லாந்து, உக்ரைன், மலேசியா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் சேர்ந்து அமைத்த கூட்டுக் குழுவில் கடைசிவரை இருந்தது. ஏவுகணை வாகனம் ரஷ்யாவிலிருந்து வந்தது என்று 2016ல் அந்தக் குழு அறிவித்தது. குர்ஸ்க் நகரின் 53ஆவது விமான எதிர்ப்புப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்று 2018ல் சொன்னது. ரஷ்யா இதை மறுத்தது.

குற்றவாளிகளை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த சிக்கல். தனி சர்வதேச நீதிமன்றம் வேண்டும் என்ற தீர்மானத்தை 2015 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் ரஷ்யா வீட்டோ செய்துவிட்டது. ஆகவே 2017 ஜூலை 7 அன்று உக்ரைனும் நெதர்லாந்தும் ஒரு தனி ஒப்பந்தம் போட்டுக் கொண்டன. அதன்படி டச்சு நீதிமன்றமே வழக்கை நடத்தலாம். இறந்த டச்சுக்காரர்களுக்காக மட்டுமல்ல, 298 பேருக்காகவும் நடத்தலாம். உக்ரைன் அரசியல் சட்டம் தன் குடிமக்களை வெளிநாட்டுக்குப் பிடித்துக் கொடுக்க அனுமதிக்காது. அதனால் அப்படிப்பட்டவரை வீடியோ மூலம் விசாரிக்கவும் வழி செய்தார்கள். ஒரு நாட்டுச் சட்டத்தில் இருக்கிற சந்தை இன்னொரு நாட்டுச் சட்டத்தால் அடைக்கிற வேலை இது. நான் படித்ததில் இந்த இரு நாட்டு உறவின் சிறந்த ஆவணம் இதுதான் என்பேன். விருந்தில் பேசிய பேச்சுகளை எல்லாம் இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

மக்கள் 'வேண்டாம்' என்றார்கள்

இதற்கு நடுவே நடந்ததைச் சொல்ல வேண்டும். யானுகோவிச் நிறுத்திய அந்த இணைப்பு ஒப்பந்தத்தில் 2014ல் புதிய உக்ரைன் அரசு கையெழுத்திட்டது. அது முழுதாக நடைமுறைக்கு வர ஐரோப்பிய யூனியனின் அப்போதைய 28 நாடுகளும் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும். டச்சு நாடாளுமன்றமும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் அங்கே அப்போது ஒரு புதுச் சட்டம் இருந்தது. 3 லட்சம் கையெழுத்து சேர்ந்தால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மீது மக்கள் வாக்கெடுப்பு கேட்கலாம். 4 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது!

2016 ஏப்ரல் 6 அன்று வாக்கெடுப்பு. குறைந்தது 30 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டால்தான் செல்லும். 32 சதவீதம் பேர் போட்டார்கள். அதில் 61 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். உக்ரைனின் ஊழலைக் காரணம் சொன்னவர்கள் உண்டு, ஐரோப்பிய யூனியன் மேலேயே கோபம் உள்ளவர்களும் உண்டு. எப்படியோ, 27 நாடுகள் சரி என்ற பிறகு ஒரே ஒரு நாடு மட்டும் நின்றது. அதுவும் எம்.எச்.17க்காக உக்ரைனோடு தோளோடு தோள் நின்ற நாடு!

பிரதமர் மார்க் ருட்டேக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த வாக்கெடுப்பு ஆலோசனைக்குத்தான், கட்டாயம் இல்லை. இருந்தாலும் மக்கள் சொன்னதைத் தூக்கிப் போட முடியாது. ஒப்பந்தத்தையும் கிழிக்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க வராது. இப்போது வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் "இதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்று என்னிடம் நீட்டுவார். படித்துச் சொன்னதும் அடுத்த கேள்வி, "என்னவெல்லாம் இல்ல, அதையும் சொல்லு" என்பதாக இருக்கும். ருட்டே செய்ததைப் படித்தபோது எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. 2016 டிசம்பரில் மற்ற தலைவர்களை உட்கார வைத்து, ஒப்பந்தத்தில் என்ன இல்லை என்று ஒரு தனித் தீர்மானம் வாங்கினார். இது உக்ரைனுக்கு யூனியனில் சேரும் வேட்பாளர் தகுதி தராது. உக்ரைனுக்கு ராணுவ உதவி செய்யும் கடமையை உறுப்பு நாடுகள் மேல் சுமத்தாது. உக்ரைன் மக்களுக்கு யூனியனில் தங்கி வேலை பார்க்கும் உரிமை தராது. கூடுதல் நிதி உதவிக் கடமையும் கிடையாது. ஒப்பந்தத்தின் ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. ஆனால் பயந்தவர்களுக்குப் பதில் இருந்தது. 2017 மே 30 அன்று டச்சு மேலவை ஒப்புதல் தந்தது. செப்டம்பர் 1 அன்று ஒப்பந்தம் முழுமையாக அமலுக்கு வந்தது. அந்த வாக்கெடுப்புச் சட்டத்தை 2018ல் நெதர்லாந்து ரத்தே செய்துவிட்டது. மக்கள் பதில் பிடிக்கவில்லை என்று கேள்வியையே நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டு 'வேண்டாம்' என்று சொன்ன அதே 2016ல் டச்சுப் பொறியாளர்கள் உக்ரைனில் ஒரு பெரிய வேலை செய்தார்கள். 1986ல் வெடித்த செர்னோபில் அணு உலையை மூட ஒரு பிரம்மாண்டமான வளைவுக் கூரை கட்டினார்கள். கட்டியது பிரெஞ்சு நிறுவனங்கள். எடை சுமார் 36,000 டன், உயரம் 108 மீட்டர். கதிர்வீச்சு காரணமாக உலைக்குப் பக்கத்தில் நின்று கட்ட முடியாது. தள்ளிக் கட்டி, பிறகு 327 மீட்டர் நகர்த்தி உலையின் மேல் நிறுத்த வேண்டும். நகர்த்தும் அமைப்பு மம்மூட் என்ற டச்சு நிறுவனத்துடையது. 224 ஹைட்ராலிக் ஜாக்கிகள், ஒரு தள்ளுக்கு 60 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 545 தள்ளு! நாம் லேபில் பாஸ்கல் விதிக்கு ஒரு ஜாக்கியை வைத்துக்கொண்டு படும் பாடு நமக்குத்தான் தெரியும். இரண்டு வாரத்தில் நவம்பர் 29 அன்று கூரை உலையின் மேல் நின்றது.

தங்கம் யாருக்கு?

இன்னொரு வழக்கு. 2014 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் ஆலர்ட் பியர்சன் அருங்காட்சியகத்தில் கிரிமியாவின் பழம்பொருள் கண்காட்சி திறந்தார்கள். சிதியர்கள் காலத்துத் தங்க நகைகள் எல்லாம் அதில் உண்டு. நான்கு கிரிமிய அருங்காட்சியகங்களும் ஒரு கீவ் அருங்காட்சியகமும் இரவல் கொடுத்தவை. கண்காட்சி நடந்து கொண்டிருக்கும்போதே கிரிமியா ரஷ்யா வசம் போய்விட்டது. இப்போது பொருளை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? 'இரவல் கொடுத்தவர்கள் நாங்கள்' என்றன கிரிமிய அருங்காட்சியகங்கள். 'அது அரசின் சொத்து' என்றது உக்ரைன்.

கீவ் பொருட்கள் 2014லேயே திரும்பின. மற்றவற்றை அருங்காட்சியகம் பூட்டி வைத்துவிட்டு, நீதிமன்றம் சொல்லட்டும் என்றது. டச்சு அரசு உக்ரைன் பக்கம் இருக்கிறதே, ஒரு போன் செய்து கொடுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அப்படிச் செய்யவில்லை. 2016ல் ஒரு தீர்ப்பு, 2021ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, 2023 ஜூன் 9 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மூன்றும் உக்ரைனுக்குச் சாதகம். 2023 நவம்பரில் 565 பொருட்கள், மொத்தம் 2,694 கிலோ, லாரியில் கீவ் போய்ச் சேர்ந்தன. ஒன்பது வருஷம்! தாமதம்தான். ஆனால் மூன்று நீதிமன்றம் பார்த்த தீர்ப்பை 'நண்பனுக்குச் செய்த சலுகை' என்று ஒருவரும் ஒதுக்கிவிட முடியாது.

2022க்குப் பிறகு

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது. அதற்குப் பின் நடந்தது வேகமாக நடந்தது. வாக்கெடுப்புக்குப் பின் 'இதெல்லாம் கிடையாது' என்று எழுதி வாங்கிய அதே ருட்டே அரசு, அந்தப் பட்டியலில் இருந்ததை ஒவ்வொன்றாகச் செய்தது. 2022 ஜூனில் உக்ரைனுக்கு வேட்பாளர் தகுதி கிடைத்தபோது நெதர்லாந்தும் சம்மதித்தது. பீரங்கிகள் அனுப்பியது. 2023 ஆகஸ்ட் 20 அன்று அதிபர் ஜெலென்ஸ்கி ஐண்ட்ஹோவன் விமானப்படைத் தளத்துக்கு வந்தபோது எஃப்-16 போர் விமானங்கள் தருவதாக ருட்டே அறிவித்தார். 2014ல் சவப்பெட்டிகள் இறங்கிய அதே தளம். வாக்களித்த 24 விமானங்களில் கடைசியானவை 2025 மே மாதம் போய்ச் சேர்ந்தன.

2024 மார்ச் 1 அன்று இரு நாடுகளும் 10 ஆண்டு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ருட்டேயும் ஜெலென்ஸ்கியும் கையெழுத்திட்ட இடம் கார்கிவ். ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 30, 40 கிலோமீட்டரில், குண்டு விழுந்து கொண்டிருந்த ஊர். தலைநகரில் வசதியாக உட்கார்ந்து போட்டிருக்கலாம். அங்கே போய்ப் போட்டார்கள்.

எம்.எச்.17 வழக்கின் தீர்ப்பு 2022 நவம்பர் 17 அன்று வந்தது. ஸ்கிபோல் விமான நிலையத்தை ஒட்டிய நீதிமன்ற வளாகத்தில், அதாவது விமானம் புறப்பட்ட இடத்துக்கு அருகில், வாசித்தார்கள். இகோர் கிர்கின், செர்கேய் துபின்ஸ்கி என்ற இரண்டு ரஷ்யர்களுக்கும், லியோனித் கார்சென்கோ என்ற உக்ரைன்காரருக்கும் ஆயுள் தண்டனை. நான்காமவரான ஒலெக் புலாடோவ் மீது போதுமான ஆதாரம் இல்லை என்று விடுதலை செய்தார்கள். மூன்று பேருமே நீதிமன்றத்துக்கு வரவில்லை, அவர்கள் இல்லாமலேயே தீர்ப்பு.

ரஷ்யா மீது நெதர்லாந்து 2020ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. உக்ரைன் போட்ட வழக்குகளோடு அதைச் சேர்த்து விசாரித்தார்கள். இரு நாடுகளும் ஒரே வழக்கில் வாதிகள். 2025 ஜூலை 9 அன்று, விமானம் வீழ்த்தப்பட்டதற்கு ரஷ்யா பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு எவ்வளவு என்பதைப் பிறகு முடிவு செய்வதாகத் தள்ளி வைத்தது. ரஷ்யா 2022லேயே அந்த நீதிமன்றம் சேர்ந்த ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டது. தீர்ப்புக்குக் கட்டுப்பட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது.